ரோஸ் நிறப் பாவாடை

பினாங்கு

அன்பு மகளுக்கு,

பேத்தியின் பிறந்தநாளுக்கு ரோஸ் நிறத்தில் பாவாடை சட்டை தைக்கிறேன் என்றதும் போனில் உன் குரல் மாறிவிட்டது. "அவளை இளவரசி பொம்மை ஆக்க வேண்டாம், அம்மா" என்றாய். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஒரு பெண் முடியை வெட்டிக்கொண்டு ஆண் வேடத்தில் போருக்குப் போகும் 'மூலான்' படம் பார்த்துவிட்டு வந்து, என் துணி வெட்டும் கத்தரிக்கோலால் நீ சடையை வெட்டிக்கொண்டாயே, நினைவிருக்கிறதா? உனக்கு எட்டு வயது. தையல் மெஷினுக்கு அடியில் ரிப்பன் கட்டியபடியே சடை கிடந்தது. "பெண்பிள்ளையா நீ, அடங்காப்பிடாரி" என்று அடித்தேன். மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. தவறு என்னுடையதுதான். இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துவிடு.

ஆனால் உன் மனத்தில் முடி வெட்டிய காட்சி மட்டும் நின்றுவிட்டது. கடைசிச் சண்டையில் மூலான் பெண் உடையில்தான் நிற்கிறாள். எதிரியின் வாளை வெறும் விசிறியால் வளைத்துப் பிடுங்குகிறாள்.

போன வாரம் உன் அண்ணன் மகளோடு 'பிரேவ்' பார்த்தேன். 2012-இல் வந்த படம். அதன் இயக்குநர்களில் ஒருவரான பிரெண்டா சாப்மன் தன் மகளை நினைத்து உருவாக்கிய கதை. அதில் வரும் இளவரசி மெரிடா வில்லை இழுக்கும்போது கவுன் இறுக்குகிறது. தையல் விட்டுக் கிழிகிறது. பிள்ளை கைதட்டினாள். லிட்டில் இந்தியாவில் முப்பது வருடம் ரவிக்கை தைத்த என் கண் கைக்குழிக்குத்தான் போயிற்று. கை தூக்க இடம் விடாமல் வெட்டியது தைத்தவர் குற்றம். அதற்குப் பெண்ணாய்ப் பிறந்தது என்ன செய்யும்? அதே மெரிடா, தான் வாளால் கிழித்த அம்மாவின் சித்திரத் துணியை, ஓடும் குதிரைமேல் உட்கார்ந்து ஊசி நூலால் தைக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பல படங்களில் இப்படி இல்லை. ஒருத்தி தைரியசாலி என்று காட்ட, அவளுக்கு ஊசி பிடிக்காது, பாவாடை பிடிக்காது என்று முதலில் சொல்லிவிடுகிறார்கள். அலங்காரம் பிடித்தவள் அசடு. அந்த ஊசிதான் உன்னைப் படிக்க வைத்தது.

உன் பயத்திலும் நியாயம் உண்டு. 2013-இல் டிஸ்னி தன் இளவரசிகள் வரிசையில் மெரிடாவைச் சேர்த்தபோது இடுப்பைச் சுருக்கி, மினுக்கும் கவுன் போட்டு, கையிலிருந்த வில்லை எடுத்துவிட்டார்கள். இரண்டு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். எனக்குத் தெரிந்திருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர்கள் பறித்தது வில்லை. நீ ரோஸ் நிறத்தைப் பறிக்கிறாய். நம் நாட்டு 'போபோய்போய்' கார்ட்டூனில் யாயா என்ற சிறுமி ரோஸ் நிறத் தூடோங், அதாவது தலைமுக்காடு, அணிந்துகொண்டுதான் புவியீர்ப்பையே ஆட்டிவைக்கிறாள்.

அந்தத் துணியை நான் தேர்ந்தெடுக்கவில்லை, கண்ணு. வீடியோவில் என் மேசையைப் பார்த்து, "பாட்டி, அது" என்று பேத்திதான் விரல் நீட்டினாள்.

இரண்டு பக்கமும் பாக்கெட் வைக்கிறேன். மரம் ஏறினாலும் விடாதபடி இரட்டைத் தையல் போடுகிறேன். சட்டைக்குத்தான் அளவு வேண்டும். அவளைக் கை இரண்டையும் நன்றாக மேலே தூக்கச் சொல்லி, அக்குளிலிருந்து இடுப்பு வரை அளந்து அனுப்பு.

அம்மா