இன உறவுகள் நிறுவனத்தாருக்கும் எங்களோடு உடன் நின்றோருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

பிரித்தானியக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் கொள்கை ஆய்வு நிறுவனங்களுக்கு இருந்த பங்கைப் பற்றி, லண்டன் வாழ் தமிழ் வாசகர்களுக்காக நாங்கள் ஏற்பாடு செய்த உரை வரிசை சென்ற மாதத்துடன் நிறைவுற்றது. ஆவணங்களைத் தேடித் தந்தவர்கள், தம் வாழ்வில் நேர்ந்ததை எங்கள் முன் பேசியவர்கள், சட்ட நுணுக்கங்களை விளக்கியவர்கள் எனப் பலருக்கும் கடன்பட்டிருக்கிறோம். அவர்களுள் பெரும்பாலோர் தம் பெயர் வெளிவருவதை விரும்பாததால், செய்த உதவியைச் சொல்லியே நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி இன உறவுகள் நிறுவனத்தின் (Institute of Race Relations) இன்றைய பணியாளர்களுக்கும் முன்னாள் பணியாளர்களுக்கும் உரியது. 1952இல் சதம் ஹவுஸ் என்னும் வெளியுறவு ஆய்வு நிறுவனத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கி, 1958இல் தனித்து இயங்கத் தலைப்பட்ட இந்நிறுவனம் கறுப்பின மக்களின் பக்கம் நிற்பதற்காக எழுந்ததன்று. காலனிய இந்தியாவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த ஃபிலிப் மேசன்தான் அதன் முதல் இயக்குநர்; ஆபிரிக்காவில் முதலீடு வைத்திருந்த பெரு நிறுவனங்களின் பணமும் அதற்கு வந்துகொண்டிருந்தது. குடியேறிகளால் நாட்டுக்கு என்ன சிக்கல், அதை அரசு எப்படிச் சமாளிப்பது என்பதே அன்றைய ஆய்வின் கேள்வியாக இருந்தது. ஆராயப்பட வேண்டியது குடியேறிகளை அல்ல, இனவாதத்தையே என்று பணியாளர்கள் உள்ளிருந்தே வாதிடத் தொடங்கினர்; 1972 ஏப்ரலில் கூடிய உறுப்பினர் கூட்டம் அவர்கள் பக்கம் நிற்க, ஆட்சிக்குழுவினர் பதவி விலகினர். கொடையாளர்களின் பணமும் அவர்களோடு போயிற்று. கிங்ஸ் க்ராஸ் பகுதிக்கு இடம்பெயர்ந்து, குறைந்த ஊதியத்திலும் ஊதியமே இல்லாமலும் நூலகத்தையும் ஆய்விதழையும் காப்பாற்றியவர்கள் இல்லையென்றால் எங்களுக்குப் பேசுவதற்கே பொருள் இருந்திருக்காது. 1974இல் 'ரேஸ் அண்ட் கிளாஸ்' எனப் பெயர் மாறிய அந்த ஆய்விதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. (அதன் நடை சில இடங்களில் வாசகனைப் பாடாய்ப் படுத்தும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.)

தமிழர் கூடிய அரங்கில் இந்த வரலாற்றைச் சொல்லும்போது அம்பலவாணர் சிவானந்தனின் பெயர் வந்ததும் கைதட்டல் எழுவது இயல்பே. 1958 கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டுப் புறப்பட்டு, நொட்டிங் ஹில்லில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில் லண்டனில் வந்திறங்கியவர் அவர். ஊரில் வங்கி முகாமையாளராக இருந்தவர், இங்கே நூலகமொன்றில் தேநீர் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, நூலகராகப் பயின்று, 1964இல் அந்நிறுவனத்தின் நூலகத்துக்கு வந்தார். 1972 மாற்றத்தை முன்னின்று நடத்தி, அதன்பின் பல பதிற்றாண்டுகள் இயக்குநராக இருந்தார். பெருமை நமக்கு இருக்கட்டும். ஆனால் அவர் எழுதியவற்றுக்குச் சான்று தந்தவர்கள் கரீபியத் தீவுகளிலிருந்து வந்து, பொலிஸ் நிலைய வாசல்களில் பிள்ளைகளுக்காகக் காத்துநின்ற பெற்றோர். எங்கள் உரைகளில் அவர்களுக்கே கூடுதல் நேரம் ஒதுக்கினோம்; அதற்கு இசைந்த பேச்சாளர்களுக்கு நன்றி.

ஜமேக்காவில் பிறந்து தென்கிழக்கு லண்டனின் லூவிஷத்தில் வளர்ந்த பெரியவர் ஒருவர், 'சஸ்' சட்டத்தின் கீழ்த் தம் இளமை எப்படிக் கழிந்தது என்று விவரித்தார். 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தில் இருந்த அந்தப் பிரிவின்படி, குற்றம் செய்யும் நோக்கத்தோடு ஒருவர் நடமாடியதாகப் பொலிசார் இருவர் சாட்சி சொன்னாலே போதும். பொருளை இழந்தவர் என்று எவரும் முன்வரத் தேவையில்லை. பேருந்துத் தரிப்பிடத்தில் சட்டைப்பையில் கை வைத்துக்கொண்டு நிற்காதே, எந்தப் பேருந்து முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடு என்று தம் தாய் சொல்லி அனுப்புவார் என அவர் கூறியபோது, அரங்கில் இருந்த நம்மவர் பலருக்கும் வேறோர் ஊரின் சோதனைச் சாவடிகள் நினைவுக்கு வந்திருக்கும். இத்தகைய அனுபவங்களைத் தொகுத்து இன உறவுகள் நிறுவனம் 1979இல் குற்றவியல் நடைமுறைக்கான அரச ஆணைக்குழுவிடம் சான்றாக அளித்தது. லூவிஷம் பகுதிக் கறுப்பினத் தாய்மார் தொடங்கிய இயக்கம் தெருவில் நின்றது. 1981இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. எந்தக் கை அதை நீக்கியது என்று பிரித்துப் பார்க்க நாங்கள் முயலவில்லை.

எங்களை அதிகம் உலுக்கியது காவல் மரணங்கள் பற்றிய பதிவுகளே. 1991இல் அந்நிறுவனம் இதற்கென ஒரு நூல் வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக 2015இல் வந்த அறிக்கை, 1991 முதல் 2014 வரை பொலிஸ், சிறை, குடிவரவுத் தடுப்புக் காவல் ஆகியவற்றோடு தொடர்புபட்ட, ஐயத்துக்குரிய சூழலில் இறந்த கறுப்பின, சிறுபான்மையின, அகதி மக்கள் 509 பேரைக் கணக்கிட்டது. அவற்றுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. ஜமேக்காவிலிருந்து வந்த ஜோய் கார்ட்னர் என்ற பெண்ணின் பெயரும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததே: 1993இல் நாடுகடத்துவதற்காக அவர் வீட்டுக்குள் நுழைந்த அதிகாரிகள் 13 அடி நீள ஒட்டு நாடாவை அவர் தலையைச் சுற்றி இறுக்கினர்; அவர் இறந்துபோனார். அதிகாரிகள் மூவர் மீது வழக்கு நடந்தது, மூவரும் விடுதலையாயினர். இந்தப் பகுதியைத் தமிழில் வாசித்த இளம் தாதிக்கு நன்றி. அவர் குரலை உயர்த்தாமல், விபரங்களை விபரங்களாகவே வாசித்ததுதான் பொருத்தமாக இருந்தது.

சட்ட விளக்கம் அளித்த வழக்கறிஞருக்குத் தனி நன்றி. நிறுவனமயப்பட்ட இனவாதம், அதாவது ஓர் அமைப்பின் நடைமுறைகளிலேயே ஊறிய இனவாதம், பிரித்தானியாவில் இல்லை என்று பிரிக்ஸ்டன் கலவரத்தை விசாரித்த ஸ்கார்மன் பிரபு 1981இல் எழுதினார். கறுப்பின இளைஞன் ஸ்டீபன் லோரன்ஸின் கொலை பற்றிய மக்பெர்சன் விசாரணை அறிக்கை, 1999இல், லண்டன் பொலிசாரிடம் அது இருப்பதாக ஏற்றது. இந்த மாற்றத்துக்கு முதற்காரணம் லோரன்ஸின் பெற்றோர் விடாமல் நடத்திய போராட்டம். ஆனால் விசாரணைக் குழுவினர் கேட்டறிந்தவற்றுள் பெரும்பகுதி கறுப்பின அமைப்புகளின் அறிக்கைகளில் ஏற்கெனவே பதிவாகியிருந்ததே என்று வழக்கறிஞர் சுட்டிக்காட்டினார். அரசு அதைப் படிக்க ஓர் இளைஞனின் உயிர் போக வேண்டியிருந்தது என்பதை நன்றி மடலிலும் சொல்லாமல் விட முடியவில்லை. 2000ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பொலிசாரையும், இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் இன உறவுகள் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது.

பழைய நூலகத் தொகுப்பு இப்போது வாரிக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கல்வித்துறை சாராத எங்களையும் ஆய்வாளர்களாகவே மதித்து உதவிய நூலகர்களுக்கும், மண்டபத்தை இலவசமாகத் தந்த தேவாலயத்தாருக்கும், சிற்றுண்டி கொண்டுவந்த அக்காமாருக்கும் நன்றி.

உண்டியலில் சேர்ந்த பணம், காவலில் உறவுகளை இழந்தோரின் 'யுனைட்டட் ஃபமிலீஸ் அண்ட் ஃபிரெண்ட்ஸ் காம்பெய்ன்' அமைப்புக்கு அனுப்பப்பட்டுவிட்டது. அக்குடும்பங்கள் ஆண்டுதோறும் ஒக்டோபர் இறுதியில் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து டவுனிங் தெரு வரை நடக்கின்றன. இவ்வாண்டு நாங்களும் அவர்களுடன் நடக்க இருக்கிறோம். வர விரும்புவோர் எங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும்.

நன்றியுடன்,
உரை வரிசை ஏற்பாட்டாளர்கள்,
லண்டன்