லேக்கும் லகூனும்

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளத்தைப் பற்றி நீ எழுதிய ஆங்கிலக் கட்டுரையை வாசித்தேன். நல்லாய் வந்திருக்கிறது. ஒரு சொல்லை மட்டும் மாற்று. முதல் பந்தியிலேயே நமது மட்டக்களப்பு வாவியை 'லேக்' என்று எழுதிவிட்டாய். அது 'லகூன்'.

உன்னில் பிழை சொல்லவும் ஏலாது. வாவிக்கரை வீதிக்கு இங்கிலீசில் 'லேக் ரோட்' என்றுதான் பெயர். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நீ. போதாக்குறைக்கு இரண்டு சொல்லும் லத்தீனில் ஒரே வேரில் முளைத்தவை.

லேக் என்றால் நாலு பக்கமும் தரை சூழ்ந்த நீர், பெரும்பாலும் நன்னீர். லகூன் கடலை ஒட்டிக் கிடப்பது. நடுவே மணல் திட்டோ பவளப்பாறையோ மறித்து நிற்கும். கடல் வந்துபோக ஒரு வாய் இருக்கும். மாலைதீவில் பவளத் திட்டுக்குள் கிடப்பதும் லகூன்தான். நமக்குப் பாலமீன்மடுவில் ஒரு வாய், தெற்கே கல்லாற்றுப் பக்கம் இன்னொன்று. பெரிது சிறிது என்பதில் ஒன்றும் இல்லை.

கல்லடிப் பாலத்தில் நின்றாலே தெரியும். மாரியில் தண்ணீர் கலங்கி, ஆற்றுவாழைச் செடி பச்சைப் பச்சையாய் மிதந்து வரும். மழை விட்டுக் கடல்நீர் ஏறினால் அதே ஆற்றுவாழை கருகி அழுகும். கடலில் பொரித்த இறால் குஞ்சு உள்ளே வந்து வளர்வதும் அந்த வாயால்தான்.

உன் கட்டுரைக்கு இதுதான் உயிர். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்கள் வெள்ளத்தில் தாழும்போது முகத்துவாரத்து மண்மேட்டை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் கேட்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். லேக் என்று வாசித்து வந்த வெளிநாட்டுக்காரனுக்கு எதை வெட்டுகிறார்கள், தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று எப்படி விளங்கும்?

இங்கினியாகலையில் கல் ஓயா ஆற்றை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்தை நீ லேக் என்று எழுதியிருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். பெயரில்தான் சமுத்திரம், கடலுக்கும் அதற்கும் கன தூரம்.

சரி, இன்றைக்கே மாற்றி அனுப்பு. கம்ப்யூட்டரில் ஒரேயடியாய் எல்லா லேக்கையும் லகூன் ஆக்கிவிடாதே. கடைசிப் பக்கத்தில் மாமாவின் விலாசம் இருக்கிறது. 'லகூன் ரோட்' என்று போட்டால் தபால்காரர் தேடி அலைவார்.

அன்புடன்,
அப்பா