நாற்காலியை நகர்த்திய அக்காவுக்கு

எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகு இந்த ஐந்து மாதம் எப்படிப் போனது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அந்தக் கதைக்குள் மறுபடி போகவில்லை. அறுவை செய்த மருத்துவர், செவிலியர்கள், புரதக் கணக்கை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்த உணவியல் நிபுணர், என் சிடுசிடுப்பைப் பொறுத்துக்கொண்ட வீட்டார் எல்லோருக்கும் நன்றி. ஒரே வரியில் அடக்கிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள். மீதி இடம் பயிற்சிக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்காவுக்கு வேண்டும்.

ரத்தக் கட்டு வந்துவிடக் கூடாது என்று அறுவை முடிந்த அன்றே எழுப்பி நடக்க வைத்தார்கள். அங்கே பிடித்துக்கொள்ள ஆள் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம். தண்ணீரைக்கூட மடக்கு மடக்காகத்தான் குடிக்க முடியும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பயிற்சிக் கூடத்தின் நீளமான தாழ்வாரத்தில் முதல் நாள் பாதி தூரம்கூடப் போகாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மறுநாள் அதே இடத்தில் ஒரு நாற்காலி. யார் போட்டது என்று நான் கேட்கக்கூட இல்லை.

அந்த நாற்காலி வரை நடப்பேன், உட்காருவேன், இரண்டு மடக்கு குடிப்பேன், திரும்பிவிடுவேன். மூன்றாவது வாரம்தான் உறைத்தது. இரண்டாவது ஜன்னலுக்கு நேரே இருந்த நாற்காலி இப்போது நான்காவது ஜன்னலிடம் இருக்கிறது! கேட்டதற்கு, "பெருக்கும்போது தள்ளினது, திருப்பி வைக்க மறந்துட்டேன்" என்றார் அக்கா. சரி, மறதிதான். ஆனால் அந்த மறதி ஒரு நாள்கூட நாற்காலியைப் பின்பக்கம் தள்ளியதில்லை.

அப்புறம் பிசியோதெரபிஸ்ட் அதே நாற்காலியைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். எடை வேகமாக இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும், நடை மட்டும் போதாது என்று சொல்லி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழச் சொன்னார். 30 நொடியில் முதலில் 6 முறைதான் முடிந்தது. போன வாரம் 13. நடுவில் தராசு முள் இரண்டு வாரம் அசையவே இல்லை. எல்லாம் வீண் என்று படுத்துவிடாமல் இருந்தேன் என்றால், இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்ததுதான் காரணம்.

அக்கா, கனமானதைத் தூக்கக் கூடாது என்று மருத்துவர் எனக்குப் போட்ட தடை முடிந்துவிட்டது. அந்தப் பெரிய பெஞ்சை நீங்கள் தனியாக இழுப்பதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். திங்கட்கிழமை முதல் ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்.