முன்னறிவிப்பு இல்லாமல் ஏலம் விட்ட நகைகளுக்கு இழப்பீடு கோரும் புகார்

நாள்: 10.11.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
நகைக்கடன் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: கும்பகோணம் கிளையில் நான் அடகு வைத்த 6 பவுன் நகை – தொடர்பாக.

ஐயா,

"நகைகள் விதிப்படி ஏலம் விடப்பட்டன. மீதித் தொகை வழங்கப்பட்டது. கணக்கு முடிந்தது" என்று உங்கள் பதில் வந்தது. கணக்கு முடியவில்லை. முன்சீப் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்படிப்பட்ட இரண்டு வரிக் கடிதங்கள் வழக்குக் கட்டுக்குள் சேர்ந்த பிறகு என்ன ஆகும் என்று பார்த்துப் பழக்கம் உண்டு.

2024 ஜூனில் கெம்புக்கல் அட்டிகையும் இரண்டு வளையல்களும் வைத்து 2,20,000 ரூபாய் வாங்கினேன். நவம்பருக்குப் பிறகு வட்டி நிலுவை. ஏலம் விட உங்களுக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விற்கும் முன் நியாயமான அறிவிப்பு தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 176ஆம் பிரிவு. நீங்கள் அனுப்பிய அறிவிப்பு நான் காலி செய்த பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அந்த உறையைக் கிளையிலேயே காட்டினார்கள். அதே கிளை எனக்குக் கொடுத்த கடைசி வட்டி ரசீதில் என் புது முகவரி அச்சாகியிருக்கிறது!

ஏலம் நடந்தது 2025 ஏப்ரல் கடைசி வாரம். அன்று சென்னையில் பவுன் 71,000 ரூபாய்க்கு மேல். நீங்கள் பவுன் 52,000 என்று 3,12,000க்குத் தள்ளிவிட்டிருக்கிறீர்கள். முந்தைய 30 நாள் சராசரி விலையில் 85 சதவீதத்துக்குக் கீழே ஏலத்தின் அடிப்படை விலை இருக்கக் கூடாது என்பது ஏலம் நடந்த 2025 ஏப்ரலில் இருந்த ரிசர்வ் வங்கி விதி. இந்தத் தொகை அதற்குள் எப்படி அடங்கியது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

அக்டோபரில் நகையை மீட்கப் பணத்தோடு வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். அதற்குள் பவுன் 90,000த்தைத் தாண்டிவிட்டது. ஏலத்தன்று இருந்த மதிப்பைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார் உங்கள் மேலாளர். அடுத்தவர் பொருளை உரிமையில்லாமல் விற்றால் விற்ற நாள் மதிப்பு என்பது பொது விதிதான். பொருளுக்கு உரியவருக்கு விற்றது தெரியாமலே விலை ஏறியிருந்தால் அந்த விதி அப்படியே நிற்காது. 1948இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. ஒருவர் வைத்துவிட்டுப் போன மரச்சாமான்களை 15 பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள், பிறகு அதன் மதிப்பு 115 பவுண்டு ஆனது. விற்கப்போகிறோம் என்று அனுப்பிய கடிதங்கள் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தனவா என்பதைப் பொறுத்தே அவருக்குக் கூடுதல் மதிப்பு கிடைக்குமா என்று நீதிமன்றம் பார்த்தது.

இங்கேதான் நீங்களே உங்கள் வழக்கைக் கெடுத்துக்கொண்டீர்கள். ஏல மீதி 72,000 ரூபாயை அதே 176ஆம் பிரிவின்படி எனக்குத் தந்திருக்க வேண்டும். ஏப்ரலிலேயே அனுப்பியிருந்தால் எனக்கு அன்றே தெரிந்திருக்கும், ஏப்ரல் விலைதான் என்று நீங்களும் வாதாடியிருக்கலாம். அக்டோபரில் நான் சத்தம் போட்ட பிறகுதானே காசோலை எழுதினீர்கள்?

ஆகவே என் கணக்கு அக்டோபர் விலையில்: 5,40,000 ரூபாய். அதில் கடனும் அக்டோபர் வரை ஓடியிருக்கும் வட்டியும் சேர்த்து 2,56,000, வாங்கிய மீதி 72,000 இரண்டையும் கழித்தால் 2,12,000 ரூபாய் எனக்கு வர வேண்டும். எனக்குச் சேராத பணத்தை நான் கேட்கவில்லை.

கல்லும் செய்கூலியும் தனி. மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துவிட்டு, கல் எடையை முழுசாகக் கழித்துத்தான் நிகர எடை எழுதினார். கடன் கொடுக்க அது சரி, இழப்பீட்டுக்குச் சரியாகாது. 1722இல் லண்டனில் புகைபோக்கி துடைக்கும் பையன் ஒருவன் கண்டெடுத்த நகையிலிருந்து கல்லைக் கழற்றிக்கொண்டது ஒரு பொற்கொல்லர் கடை. கல்லைக் கொண்டுவந்து காட்டாவிட்டால் அந்தக் குழியில் பொருந்தும் முதல்தரக் கல்லின் விலையைப் போடுங்கள் என்றார் தலைமை நீதிபதி. நீங்களும் என் கெம்புக் கற்களைக் காட்டுங்கள்.

அட்டிகை என் தாய்வீட்டுச் சீர். பதக்கத்தின் பின்புறம் ஆசாரி பொறித்த 'மீ' என்ற எழுத்து இருக்கும். ஏலத்தில் எடுத்தவரிடம் அது உருக்காமல் இருந்தால் மீட்டுத் தாருங்கள். காசோலையை இன்னும் வங்கியில் போடவில்லை, திருப்பித் தருகிறேன். கடனையும் வட்டியோடு கட்டுகிறேன். அப்போது அட்டிகைக்காக ஒரு பைசா இழப்பீடு கேட்க மாட்டேன், வளையல்களுக்கு மட்டும் கணக்குப் பார்ப்போம்.

30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போவேன். சிவில் வழக்குக்கு மூன்று வருடக் கெடு இருக்கிறது, எனக்கு அவசரமில்லை. அடகுச் சீட்டு, வட்டி ரசீது, காசோலை நகல்கள் இணைத்துள்ளேன். ஏலப் பதிவேட்டின் நகலை நீங்கள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)