அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் இஞ்சின்) இழுவை குறைந்தால் முதலில் இதைப் பாருங்கள்

மும்பை மாஹிமிலிருந்து படகு இறக்கும் அண்ணன் தம்பிகள் கவனிக்கவும். நேற்று வர்சோவா பக்கம் எங்கள் இஞ்சின் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் இழுவை விட்டது. பெட்ரோல் குழாயில் இருக்கும், கையால் அமுக்கி பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்பைத் தொட்டால், உறிஞ்சிப் போட்ட மாம்பழம் போலச் சப்பிக் கிடந்தது. டேங்க் மூடியில் காற்றுத் திருகு மூடியே இருந்திருக்கிறது! திறந்ததும் உஸ்ஸென்று காற்று ஏறியது, இஞ்சினும் சரியானது.

பல்பு சப்பினால் டேங்க் பக்கம்தான் அடைப்பு. பல்பை அமுக்க அமுக்க வேகம் கூடினால் பெட்ரோல் பம்பிலோ குழாய் இணைப்பிலோ கோளாறு. இரண்டும் இல்லையென்றால் ஃபில்டரில் தண்ணீர், ஸ்பார்க் பிளக்கில் கரி இருக்கிறதா பாருங்கள்.

இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் பீய்ச்சுவது நின்றால் மட்டும் யோசிக்காமல் உடனே அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் தண்ணீர் உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை அடைத்திருக்கும்; சூட்டில் இஞ்சினே போய்விடும். மழைக்காலம் முழுக்க டேங்கில் கிடந்த பெட்ரோலில் இஞ்சினை ஓட்ட வேண்டாம்.