செடி ஏற்றிவந்த ஆட்டோ அண்ணாவுக்கு

அண்ணா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஆறு பூச்செடிகளோடு தெஹிவளையிலிருந்து வெள்ளவத்தைக்கு உங்கள் ஆட்டோவில் வந்தவள் நான்.

வீடு கட்டி முடித்தும் முன்வளவு வெறும் மண்ணாகவே கிடந்தது. எல்லாவற்றையும் மதிலோரம் ஒரே வரிசையில் நட்டுவிடலாம் என்பதுதான் என் பெரிய திட்டம்! செடிகளை இறக்கிய நீங்கள் போகவில்லை. செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிவிட்டு, "தங்கச்சி, அலவாங்கு இருக்கா?" என்றீர்கள். ஒரு குழி தோண்டி, வாளித் தண்ணீரை ஊற்றினீர்கள். கால் மணித்தியாலமாகியும் தண்ணீர் அப்படியே நின்றது. அடியில் உடைந்த கல், சீமெந்துக் கட்டி, கிழிந்த சீமெந்துப் பை ஒன்று. சீமெந்துச் சுண்ணாம்பு ஊறிய மண்ணில் எக்ஸோரா இலை மஞ்சளாகிவிடும், மதிலை விட்டு மூன்றடி தள்ளி நடுங்கள் என்றீர்கள். குழி சாடியைப் போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் மட்டும் சாடியளவு. சட்டை நனைய நனைய மூன்று குழிகளை நீங்களே தோண்டித் தந்தீர்கள். போகும்போது, மூலையில் தண்ணீர் தேங்கிக் கிடந்த சிரட்டையையும் கவிழ்த்துவிட்டு, "டெங்கு" என்று மட்டும் சொன்னீர்கள்.

மீட்டர் காசுக்கு மேல் ஒரு சதம் வாங்கவில்லை. எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

மே மழைக்குத் தண்ணீர் தேங்கவில்லை, அண்ணா. எக்ஸோரா சிவப்பாகப் பூத்திருக்கிறது. அந்தப் பக்கம் வந்தால் ஹோர்ன் அடியுங்கள், தேத்தண்ணி போட்டு வைக்கிறேன்.