வெள்ளையடிப்புக்கு முன் ஸ்விட்ச் பெட்டியைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒயரிங் வேலையும் கூடவே வந்துவிடும். கறுத்துப்போன வட்டக்கட்டை ஸ்விட்சைக் கழற்றிவிட்டுப் பளபளக்கும் ஸ்டீல் பிளேட் மாட்டச் சொல்கிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1944இல். அந்தக் காலத்தை ஒட்டிய வீடுகளில் விளக்குப் பாயிண்டுக்கு வருவது பெரும்பாலும் இரண்டே கம்பி, கரண்ட் வரும் பேஸும் அது திரும்பும் நியூட்ரலும். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி கிடையாது. அதற்காக அந்த ஸ்விட்சே எமன் என்று சொல்லிவிட முடியாது. பேக்கலைட் மூடி, காய்ந்த மரக்கட்டை. கை படும் இடத்தில் உலோகமே இல்லை. அதே இடத்தில் இரும்புப் பெட்டியும் ஸ்டீல் பிளேட்டும் வந்தால் நிலைமை வேறு. பழைய ரப்பர் ஒயரைச் சற்று வளைத்தாலே மேலுறை பொடியாக உதிரும். ஓர் இழை பெட்டியில் பட்டால் போதும், பிளேட்டும் திருகும் 230 வோல்ட்டில் நிற்கும். எர்த் இல்லாததால் ஃபியூஸ் போகாது, விளக்கும் ஒழுங்காக எரியும். ஐப்பசி மழையில் முற்றத்தைக் கடந்து ஈரக் காலோடு அடுக்களைக்குள் வந்து ஸ்விட்ச் போடுகிறவர் கைக்குத்தான் அது தெரியும்.

எர்த் கம்பி கொண்டுவர வழியில்லாத பாயிண்டில் பிவிசி பெட்டி, பிளாஸ்டிக் பிளேட், திருகுத் தலைக்கு மூடி. அழகு அவ்வளவு போதும். புது ஒயர் இழுப்பதானால் விளக்குக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றும் சேர்ந்தே போகட்டும்; 16 ஆம்பியர் பிளக்குக்குக் குறைந்தது 2.5. உதிரும் ஒயரில் டேப் சுற்றி மறுபடி பெட்டிக்குள் திணிப்பது ரிப்பேர் ஆகாது.

கழற்றும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். பழைய வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலில் கொடுத்திருப்பது சகஜம். பல்பைக் கழற்றி, ஸ்விட்சை அணைத்து, ஹோல்டரின் இரண்டு பின்னிலும் டெஸ்டர் வையுங்கள். ஒன்றில் பளிச்சென்று எரிந்தால் ஸ்விட்ச் தப்பான கம்பியில் இருக்கிறது. அணைத்தும் அணையாத விளக்கு அது. மெயினில் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு ஃபியூஸ் கட்டை இருந்தால் இன்னும் மோசம். நியூட்ரல் கட்டை மட்டும் போனால் வீடு இருட்டாகும், கம்பிகளில் கரண்ட் அப்படியே நிற்கும். நியூட்ரலில் ஃபியூஸை எடுத்துவிட்டு லிங்க் (உருகாத நேர் இணைப்பு) போடச் சொல்லுங்கள்.

"எங்கள் வீட்டில்தான் எர்த் இருக்கிறதே" என்பவர்கள் அது எங்கே போய் முடிகிறது என்று பார்க்கவேண்டும். முன்பு இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். குழாய் பிவிசி ஆனதும் எர்த் அந்தரத்தில் நிற்கும். சிலர் பிளக்கின் மூன்றாவது பின்னை நியூட்ரலோடு கோர்த்துவிடுவார்கள். இதைச் செய்யவே கூடாது. என்றாவது நியூட்ரல் அறுந்தால் பிரிட்ஜின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பை எரியவைத்து "எர்த் நல்லா இருக்கு" என்று காட்டுவதையும் நம்பவேண்டாம். எர்த்தின் தடை 100 ஓம் இருந்தாலும் அந்த பல்பு கொஞ்சம் மங்கலாக எரியத்தான் செய்யும். அதே எர்த்தில் பேஸ் நேராக மோதினால் ஓடுவது 2.3 ஆம்பியர்தான், எந்த ஃபியூஸ் போகும்?

புதிதாக எர்த் போட 38 மி.மீ. உள்விட்டமுள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் 2.5 மீட்டர், சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி, கரியும் உப்பும் மாறி மாறி. தாமிரபரணி வயல்காட்டை ஒட்டிய மண்ணில் இது நன்றாகவே அமையும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலிலும் பாறை தட்டும் மேட்டு ஊர்களிலும் கோடையில் காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். 20 ஓம் கிடைத்தாலே பெரிது என்னும் இடத்தில் ஓடுவது 11.5 ஆம்பியர், 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் ஸ்விட்ச்) அசையாது.

ஆகவே வெள்ளையடிப்புக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் செலவு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச். பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்புகிறதா என்று மட்டுமே அது பார்ப்பதால் எர்த் இல்லாத வீட்டிலும் வேலை செய்யும். ஆனால் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டவரை அது காப்பாற்றாது. மாதம் ஒருமுறை 'டி' பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். மாட்டிய அன்றே திரும்பத் திரும்ப விழுந்தால் சாமான் கோளாறு என்று பைபாஸ் பண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு லைனின் நியூட்ரல் கலந்திருக்கும், அல்லது ஒயர் கசியும். 500 வோல்ட் மெகர் (ஒயர் மேலுறையின் தடையை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு லைனாகப் பார்த்து, 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனைப் பிரித்துவிட வேண்டியதுதான்.

அக்கிரகார வரிசை வீடுகளுக்கு மட்டும் இன்னொரு சங்கதி. பொதுச் சுவரில் ஷாக் அடித்து, உங்கள் ஆர்சிசிபி விழாமல் இருந்தால், கசிவு பக்கத்து வீட்டுடையதாக இருக்கலாம். இரண்டு வீட்டு மெயினையும் மாறி மாறி இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வயரிங் பணியாளர் சிலர்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்.